சத்தம் கேட்காத பூட்டு

1

விண்டோஸ் 2000 வந்தபோது அதனுடன் இஎஃப்எஸ் என்றொரு வசதியும் வந்தது. என்கிரிப்டிங் ஃபைல் சிஸ்டம் என்பதன் சுருக்கம். ஒரு ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸுக்குள் போய், அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தினால் ஒரு சின்னக் கட்டம் தெரியும். அதில் டிக் அடித்தால் வேலை முடிந்தது. தனியாகக் கடவுச்சொல் எதையும் கேட்காது. அந்தக் கணக்கில் நுழைந்திருப்பவருக்குக் கோப்புகள் எப்போதும்போலத் திறக்கும். அதே கணினியில் வேறு கணக்கில் நுழைபவருக்குத் திறக்காது. எக்ஸ்பி காலத்தில் அத்தகைய கோப்புகளின் பெயர் பச்சை எழுத்தில் தெரிந்தது. மற்றபடி பூட்டு இருப்பதற்கு அப்போது எந்த அடையாளமும் இல்லை.

பொறியாளனாகப் பார்த்தால் இது அழகான வடிவமைப்பு. பாதுகாப்பு என்றாலே தொல்லை என்று ஒதுங்கும் மனிதரிடமிருந்து அந்தத் தொல்லையை எடுத்துவிட்டார்கள். ஆனால் தினமும் சாவி போட்டுத் திறக்கும் வீட்டுக்காரருக்குத்தான் சாவி என்று ஒன்று இருப்பதே நினைவிருக்கும். சாவி கண்ணிலேயே படாத பூட்டைப் போட்டவர், தான் பூட்டியதையே ஒருநாள் மறந்துவிடுவார்.

அது அவருக்கு மறுபடி நினைவுக்கு வருவது பெரும்பாலும் விண்டோஸை மறுபடி போட்ட பிறகுதான். நம் ஊரில் கணினி மெதுவானாலும், வைரஸ் வந்தாலும் கடைக்காரர் சொல்லும் மருந்து ஒன்றுதான்: "ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டுரலாம்." இதற்காகவே ஹார்ட் டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்து வைத்திருப்போம். சி-யில் விண்டோஸ், டி-யில் நம் பொருட்கள். சி-யை எத்தனை முறை அழித்தாலும் டி பத்திரம். கணினி வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் தெரிந்த பாடம் இது. தவறான பாடமும் அல்ல. பச்சை எழுத்துக் கோப்புகளுக்கு மட்டும் அது பொருந்தாது. பெட்டி டி-யில் இருக்கிறது. சாவி சி-யில் இருந்தது.

சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கும் உரிமையாளரிடம் ஒரு பூட்டு இரக்கம் காட்ட வேண்டுமா? தொழில்நுட்பக் கேள்வி மாதிரித் தெரிகிறது. யோசிக்க யோசிக்க அப்படி இல்லை என்று தோன்றுகிறது.

2

நண்பன் ஒருவனின் ஊர்க்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சில வருடங்களுக்கு முன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மனைவி நோயில் படுத்திருந்த காலத்தில் தினமும் இரவு குறிப்பு எழுதி வந்திருக்கிறார். வீட்டில் எல்லோருக்கும் ஒரே கணினி. பிள்ளைகள் படிக்கவேண்டாம் என்று அவர் நினைத்த விஷயங்கள் அதில் இருந்தன. யாரோ காட்டிக்கொடுத்த அந்தக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டார். மனைவி இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. அதன்பிறகு ஒருநாள் கணினியைக் கடையில் கொடுத்து விண்டோஸ் போட்டு வாங்கியிருக்கிறார்.

"பேரு தெரியுது தம்பி. தேதி தெரியுது. எத்தன கேபின்னுகூடத் தெரியுது. தொறந்தா மட்டும் ஆக்சஸ் டினைடுங்குது. பழைய பேருலயே அக்கவுன்ட் போட்டேன். பழைய பாஸ்வேர்டையே குடுத்தேன். நான்தான பூட்டுனேன்? எனக்கே தொறக்காதுன்னா அப்புறம் அது யாருக்காக இருக்கு?"

"பழைய சி டிரைவோட காப்பி எதுவும் எங்கயாவது இருக்கா சார்?"

"டி-யில இருக்குறது பத்திரமா இருக்கட்டும், சி-யத் தொடச்சுருன்னு நான்தான் சொல்லிவிட்டேன்."

இங்கே யாரும் தவறு செய்யவில்லை. எல்லோரும் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். அப்படியானால் அவர் பெயரே ஏன் அவரை உள்ளே விடவில்லை?

இஎஃப்எஸ் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு தனிச் சாவியைத் தற்செயல் எண்களால் உருவாக்குகிறது. கோப்பின் உள்ளடக்கம் அந்தச் சாவியால் பூட்டப்படுகிறது. கோப்பின் பெயர் பூட்டப்படுவதில்லை. அதனால்தான் அவருக்குப் பெயரும் தேதியும் தெரிந்தன. அந்தக் கோப்புச் சாவியைப் பயனரின் பொதுச்சாவியால் பூட்டி, கோப்போடேயே ஒட்டி வைத்துவிடுகிறது. அதைத் திறக்கப் பயனரின் அந்தரங்கச் சாவி வேண்டும். அந்தரங்கச் சாவி சி டிரைவில், பயனரின் புரொஃபைல் ஃபோல்டருக்குள் இருக்கிறது, அதுவும் பூட்டப்பட்ட நிலையில். அதைத் திறப்பது ஒரு முதன்மைச் சாவி. முதன்மைச் சாவியைத் திறப்பது இரண்டு பொருட்கள் சேர்ந்து: பயனரின் கடவுச்சொல், பயனரின் அடையாள எண். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி.

கடவுச்சொல் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி மட்டும்தான். அது மனிதரின் தலைக்குள் இருந்தது, தப்பித்தது. மற்ற கண்ணிகள் சி டிரைவில் இருந்தன, துடைக்கப்பட்டன. தலைமையாசிரியருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஞாபகம் போதவில்லை.

இனி கோப்பை முட்டி மோதித் திறக்கலாமா? 128 பிட் சாவி என்று வைத்துக்கொண்டால் சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்க எண். ஒரு நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி சாவிகளை முயன்று பார்க்கும் இயந்திரம் ஒன்று இருந்தாலும், எல்லாவற்றையும் முயன்று முடிக்கச் சுமார் பத்து லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள்தான். எக்ஸ்பியின் முதல் சர்வீஸ் பேக்கிலிருந்து இஎஃப்எஸ் பயன்படுத்தியது 128 அல்ல, 256 பிட்.

படிக்க முடியாமல் போன எழுத்துகள் உலகில் வேறு உண்டு. கிரேக்கத்தின் லீனியர் பி எழுத்துகள் பல நூற்றாண்டுகளாக யாரும் படிக்காமல் கிடந்தன. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தார். சிந்துவெளி முத்திரைகள் இன்னும் படிக்கப்படவில்லை. ஆனாலும் ஆய்வாளர்கள் நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவற்றை எழுதியவர்கள் ஒளிக்க எழுதவில்லை, சொல்ல எழுதினார்கள். எந்தக் குறி எதற்கு அடுத்து வருகிறது, எது அடிக்கடி வருகிறது என்ற ஒழுங்கு அதில் ஒட்டியிருக்கிறது. நல்ல என்கிரிப்ஷன் அந்த ஒழுங்கைத்தான் முதலில் அழிக்கிறது. நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய அந்நியரின் முத்திரை ஒருநாள் நம்மிடம் பேசலாம். ஏழெட்டு வருடத்துக்கு முன் நாமே எழுதியது பேசாது.

3

"நான்தான பூட்டுனேன்?" என்பது பழைய கேள்வி. அந்த 'நான்' யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விண்டோஸ் நம்மைப் பெயரால் அறிவதில்லை. நிறுவப்படும்போது அது தனக்கென ஒரு நீண்ட எண்ணைத் தற்செயலாக உருவாக்கிக்கொள்கிறது. எஸ்-1-5-21 என்று தொடங்கி மூன்று பெரிய எண்கள் வரும். பயனர் கணக்குகளுக்கு அந்த எண்ணின் வாலில் ஒரு வரிசை எண் சேரும். கணினிக்கு நாம் என்பது அந்த எண்தான். பெயர் அதன்மேல் ஒட்டிய சீட்டு. மறுபடி நிறுவும்போது புதிய எண் பிறக்கிறது. அதே பெயரில், அதே கடவுச்சொல்லில், அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அதே மனிதர், கணினிக்குப் புதிய ஆள். பழைய ஆள் இறந்துகூடப் போகவில்லை. அப்படி ஒருவர் இருந்ததே புதிய விண்டோஸுக்குத் தெரியாது.

ஜான் லாக் 1694இல் தன் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த அத்தியாயத்தில் ஓர் இளவரசனையும் செருப்புத் தைப்பவரையும் பற்றிச் சொல்கிறார். இளவரசனின் ஆன்மா, தன் நினைவுகளோடு, செருப்புத் தைப்பவரின் உடலுக்குள் புகுந்துவிட்டால் அவர் யார்? லாக்கின் பதில்: இளவரசன்தான். உடல் அல்ல, நினைவின் தொடர்ச்சியே ஒருவரை அவராக்குகிறது. மிலிந்த பஞ்ஹாவில் நாகசேனர் கிரேக்க அரசனுக்கு வேறொரு உதாரணம் சொல்கிறார். இரவெல்லாம் எரியும் விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றா, வேறா? ஒன்றும் அல்ல, முற்றிலும் வேறும் அல்ல. ஒன்றைப் பற்றி மற்றொன்று எரிகிறது.

இரண்டு பேரும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு காலத்தில், தொடர்ச்சியைத்தான் தேடுகிறார்கள். நம் அன்றாட வாழ்க்கையும் அப்படித்தான் நடக்கிறது. பத்து வருடம் கழித்து ஊருக்குப் போனால் பெட்டிக்கடைக்காரர் முகம் பார்த்து, "நீ இன்னாரு மகன்தான?" என்கிறார். சந்தேகம் இருந்தால் இரண்டு கேள்வி கேட்பார். பதிலில் கொஞ்சம் தப்பினாலும் ஏற்றுக்கொள்வார். மனிதர் மனிதரை அறிவதில் எப்போதும் ஒரு 'ஏறக்குறைய' இருக்கிறது. பூட்டில் அந்த 'ஏறக்குறைய' இல்லை. 256 பிட்டில் 255 சரியாக இருந்தாலும் அது வேறு சாவிதான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சாதாரணக் கோப்புகளுக்கும் விண்டோஸ் அனுமதி பார்க்கும். மறுநிறுவலுக்குப் பிறகு டி டிரைவில் உள்ள சில ஃபோல்டர்கள் திறக்காமல் அடம்பிடிப்பதைப் பலரும் பார்த்திருப்போம். அதற்கு வழி எளிது: அட்மினிஸ்ட்ரேட்டராகப் போய் 'டேக் ஓனர்ஷிப்' கொடுத்தால் கோப்பு நம்முடையதாகிவிடும். ஏனென்றால் அனுமதி என்பது வாசலில் நிற்கும் காவலாளி. மேலதிகாரி வந்து சொன்னால் அவர் விலகிக்கொள்வார். பச்சை எழுத்துக் கோப்பிலும் இதையே செய்யலாம். உரிமையாளர் இடத்தில் நம் பெயர் வந்துவிடும். முழு அனுமதி என்று காட்டும். அப்போதும் திறக்காது. காவலாளி போய்விட்டார், ஆனால் அங்கே வாசலே இல்லை, சுவர்தான்.

உரிமை என்பது மனிதர்கள் ஒருவருக்கொருவர் ஒப்புக்கொள்ளும் விஷயம். பத்திரம், சாட்சி, நீதிமன்றம், ஊர்ப் பேச்சு எல்லாம் சேர்ந்துதான் இந்த நிலம் என்னுடையது என்பது உண்மையாகிறது. என்கிரிப்ஷன் அந்த ஒப்புதலை எதிர்பார்க்கவே இல்லை. யாருடையது என்று கேட்பதில்லை, சாவி இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. சாவி வைத்திருக்கும் திருடன் அதற்கு உரிமையாளர். சாவி இல்லாத உரிமையாளர் அதற்குத் திருடன்.

4

சரி, மீட்கவே வழியில்லையா என்றால், உண்டு. அந்த வழிகளைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும்.

முதல் வழி, முன்கூட்டியே சாவியின் நகலை ஒரு கோப்பாக எடுத்து வேறெங்காவது வைத்திருப்பது. விஸ்டாவிலிருந்து கணினியே இதை நினைவூட்டும். பலர் அந்த அறிவிப்பை மூடிவிடுவார்கள். இரண்டாவது, பழைய புரொஃபைல் ஃபோல்டர் எங்காவது மிஞ்சியிருப்பது. ஃபார்மட் செய்யாமல் மேலேயே நிறுவியிருந்தால் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டரில் அது கிடக்கலாம். அதுவும் பழைய கடவுச்சொல்லும் இருந்தால், அவற்றிலிருந்து அந்தரங்கச் சாவியைக் கட்டியெழுப்பித் தரும் மென்பொருட்கள் இருக்கின்றன. மூன்றாவது, ஃபார்மட் செய்த இடத்தின் மேல் புதிதாக எதுவும் எழுதப்படாமல் இருந்தால், சாவியின் துணுக்குகளை வட்டிலிருந்து பொறுக்கியெடுக்க முயல்வது. நான்காவது விசித்திரமானது. ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்பைப் பூட்டும்போது, நடுவில் மின்சாரம் போனாலும் கோப்பு கெடாமல் இருக்க, இஎஃப்எஸ் பூட்டாத நகல் ஒன்றைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடும். நீக்குமே தவிர, துடைக்காது. அதிர்ஷ்டம் இருந்தால் அந்தப் பழைய நகல் கிடைக்கும்.

முதல் வழியைத் தவிர மற்ற மூன்றையும் பாருங்கள். ஒவ்வொன்றும் பூட்டு சரியாக வேலை செய்யாத ஓர் இடம். விட்டுப்போன ஃபோல்டர், துடைக்காத வட்டு, மறந்துபோன நகல். நமக்கு நம்பிக்கை தரும் ஒவ்வொன்றும், கணினியைத் திருடிச் சென்றவருக்கும் அதே நம்பிக்கையைத் தருகிறது.

இது கற்பனை வாதம் அல்ல, இஎஃப்எஸ்ஸின் வரலாற்றிலேயே நடந்தது. விண்டோஸ் 2000இல், தனிக் கணினிகளில், அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு தானாகவே மீட்பு முகவராக இருந்தது. பயனர் சாவியைத் தொலைத்தாலும் அட்மினிஸ்ட்ரேட்டரின் சாவியால் கோப்பைத் திறக்கலாம். கருணையுள்ள ஏற்பாடு. ஆனால் ஒரு ஃப்ளாப்பியிலிருந்து கணினியைத் தொடங்கி அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல்லை மாற்றிவிடும் கருவிகள் அப்போதே புழக்கத்தில் இருந்தன. மடிக்கணினியைத் திருடியவர் பத்து நிமிடத்தில் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆகலாம். ஆனால் எல்லாம் திறந்துவிடும். 2001இல் எக்ஸ்பி வந்தபோது அந்தத் தானியங்கி மீட்பு முகவரை எடுத்துவிட்டார்கள். வெளியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றினால் சாவிச் சங்கிலி அறுந்துபோகும்படியும் செய்தார்கள். திருடனுக்கு வழி அடைந்தது. கடவுச்சொல்லை மறந்துவிட்டு மகனிடம் சொல்லி மாற்றச்சொன்ன அப்பாவுக்கும் வழி அடைந்தது.

ஒரே ஓட்டை வழியாகத்தான் இருவரும் வந்தார்கள். ஒருவரை மட்டும் விட்டு மற்றவரைத் தடுக்கப் பூட்டுக்குக் கண் வேண்டும். பூட்டுக்குக் கண் கிடையாது. தலைமையாசிரியரின் கோப்புகள் திறக்கவில்லை. அவருடைய குறிப்புகளை அவர் பயந்த யாரும் இனிப் படிக்கமாட்டார்கள் என்பதும் அதே காரணத்தால்தான் உண்மை. அவருக்கு வாக்களிக்கப்பட்டது எதுவோ, அது முழுமையாக நிறைவேற்றப்பட்டது.

5

இதோடு நிறுத்தினால், "கணிதம் அப்படித்தான், என்ன செய்வது" என்று சொல்லிவிட்டுப் போகலாம். என் துறையில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் கணினிக்கு வெளியே, சாவி தொலைத்தவரிடம் இரக்கம் காட்டுகிற, அதேசமயம் திருடனுக்கு எளிதில் வழிவிடாத பூட்டுகளை மனிதர்கள் எப்போதும் வைத்திருந்திருக்கிறார்கள்.

வங்கி லாக்கரை எடுத்துக்கொள்வோம். அதைத் திறக்க இரண்டு சாவி வேண்டும்: வங்கியின் சாவி, வாடிக்கையாளரின் சாவி. வாடிக்கையாளர் சாவியின் நகல் வங்கியிடம் கிடையாது. அவர் சாவியைத் தொலைத்துவிட்டால் என்ன நடக்கும்? எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். லாக்கர் தயாரித்த நிறுவனத்திலிருந்து ஆள் வருவார். வங்கி அதிகாரி முன்னிலையில், வாடிக்கையாளர் முன்னிலையில், துளையிட்டு உடைப்பார்கள். செலவு வாடிக்கையாளருடையது. பூட்டு மாற்றப்படும். பதிவேட்டில் எழுதப்படும்.

இந்த ஏற்பாட்டின் அழகு துளையிடும் சத்தத்தில் இருக்கிறது. அதற்கு நேரம் பிடிக்கிறது, பணம் பிடிக்கிறது, நாலு பேர் பார்க்கிறார்கள், உடைத்த தடம் மிஞ்சுகிறது. நேர்மையான ஒருவருக்காக ஒருமுறை செய்யலாம். ஊரில் உள்ள ஆயிரம் லாக்கர்களையும் ஒரே இரவில் யாருக்கும் தெரியாமல் இப்படித் திறக்க முடியாது. உடைக்க முடிவதால் அதில் இரக்கம் இருக்கிறது. உடைத்தால் ஊருக்குத் தெரிவதால் அதில் நியாயமும் இருக்கிறது. நம் பழைய பூட்டுகள் எல்லாமே இப்படித்தான். கதவை உடைக்கலாம், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துவந்து, "யாருப்பா அது?" என்பார்.

டிஜிட்டல் பூட்டில் நடுநிலை இல்லை. சாவி இல்லையென்றால் உலகத்தின் எல்லாத் துளையிடும் இயந்திரமும் பயனற்றது. சாவி இருந்தால், ஒரு கோப்பைத் திறப்பதும் கோடிக் கோப்புகளைத் திறப்பதும் ஒரே வேலை, சத்தமே வராது. திறந்து படித்துவிட்டு மூடினால் கீறல்கூட இருக்காது. ஒருபுறம் சுவர், மறுபுறம் ஓசையில்லாத கதவு. இடையில் இருந்த, நாலு பேர் பார்க்க உடைக்கக்கூடிய மரக்கதவு காணாமல் போய்விட்டது. நாம் இழந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

அந்த மரக்கதவு இருந்ததால்தான் மாக்ஸ் ப்ரோட் போன்ற ஒருவருக்கு இடம் இருந்தது. காஃப்கா 1924இல் இறக்கும்முன் தன் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடும்படி நண்பர் ப்ரோட்டுக்கு எழுதிவைத்தார். ப்ரோட் எரிக்கவில்லை. 'விசாரணை' 1925இல் வெளிவந்தது, 'கோட்டை' 1926இல். 1939இல் ப்ராகை விட்டுத் தப்பியபோதும் பிரதிகளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு போனார். அவர் செய்தது துரோகமா, கருணையா என்று இன்றும் வாதிடுகிறார்கள். நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வாதிட முடிகிறது என்பதே பெரிய விஷயம். ஒரு மனிதர் தன் பெயரைப் பணயம் வைத்து முடிவெடுத்தார், அதற்கு வாழ்நாள் முழுக்கப் பதில் சொன்னார். காஃப்கா அந்தப் பிரதிகளை பச்சை எழுத்துக் கோப்புகளாக வைத்துவிட்டுப் போயிருந்தால் ப்ரோட்டுக்கு எந்தத் தர்மசங்கடமும் வந்திருக்காது. கீழ்ப்படிந்த நண்பராகவே இறந்திருப்பார். அறம் சார்ந்த ஒரு முடிவு நடக்க வேண்டிய இடத்தில் வெறும் தொழில்நுட்ப நிலவரம் மட்டும் இருந்திருக்கும்.

இதற்கு மறுபக்கம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ப்ரோட் வாய்ப்பதில்லை. பெண்கள் எழுதிய டைரியைக் கணவர்கள் படித்திருக்கிறார்கள், அரசுகள் படித்திருக்கின்றன. அந்த மரக்கதவை உடைத்தவர்கள் பலர் அன்பால் உடைக்கவில்லை. அவர்களிடமிருந்து காப்பாற்றிக்கொள்ள ஒருவருக்குச் சுவர் தேவைப்படலாம். எனவே சுவரே கூடாது என்பது என் வாதம் அல்ல. சுவரை விரும்பியவர் சுவரைக் கட்டட்டும். கதவு என்று நினைத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் தன் பொருளை வைத்தவரைப் பற்றித்தான் கவலை.

6

ஓசையில்லாத கதவை நாட்டுக்கே போட முடியுமா என்று ஒருமுறை முயன்று பார்த்தார்கள். 1993இல் அமெரிக்க அரசு கிளிப்பர் சிப் என்ற திட்டத்தை அறிவித்தது. தொலைபேசி உரையாடலை என்கிரிப்ட் செய்யும் சிப். அதன் சாவி இரண்டு துண்டாக இரண்டு அரசு அமைப்புகளிடம் இருக்கும். நீதிமன்ற ஆணை வந்தால் இரண்டையும் சேர்ப்பார்கள். லாக்கர் மாதிரியே இருக்கிறது, இல்லையா? 1994இல் மாட் ப்ளேஸ் என்ற ஆய்வாளர், அந்த அரசுக் கதவை ஏமாற்றிவிட்டு சிப்பைப் பயன்படுத்த முடியும் என்று காட்டினார். எதிர்ப்பும் பெருகியது. சில வருடங்களில் திட்டம் மங்கி மறைந்தது. இரண்டு துண்டுகளையும் அரசே வைத்திருந்தால் அது இரண்டு பேர் ஆகாது என்பதே மக்களின் முக்கியமான சந்தேகம்.

அரசுக்கு வேறு வழியும் இருக்கிறது: சாவி வைத்திருப்பவரையே கேட்பது. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, மறைக்கப்பட்ட தகவலைத் திறக்க உதவ மறுப்பவருக்கு ஏழு ஆண்டுகள்வரை சிறை விதிக்கலாம். ஆனால் "தரமாட்டேன்" என்பவரும் "என்னிடம் இல்லை" என்பவரும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருப்பார்கள். விண்டோஸ் மறுபடி போட்டதில் போய்விட்டது என்று ஒருவர் சொன்னால் அதை எப்படி நிரூபிப்பது? இல்லாத சாவியைக் காட்ட முடியாது. பூட்டுக்குக் கண் இல்லை என்றோம். அந்தப் பூட்டின் முன் நிற்கும் நீதிபதிக்கும் பாதிக் கண்தான்.

இப்போதைய விண்டோஸ் வேறு பக்கம் சாய்ந்திருக்கிறது. முழு வட்டையும் பூட்டும் பிட்லாக்கருக்கு 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைக்கும் பல கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்பட்டு, அந்த மீட்புச் சாவி கணக்கில் சேமிக்கப்படுகிறது. எக்ஸ்பியில் எடுத்துவிட்ட கருணை திரும்பி வந்திருக்கிறது. சாவி நிறுவனத்திடம் இருப்பதால், சட்டப்படி கேட்பவர்கள் அங்கே போய்க் கேட்கலாம் என்பது அதன் விலை. பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்த விலை சரியானதுதான் என்று நினைக்கிறேன். உளவாளி கையில் அகப்படுவதைவிட, குழந்தையின் புகைப்படங்களை ஒரு மறுநிறுவலில் இழப்பதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கக்கூடியது. ஆனால் ஒரு பத்திரிகையாளருக்கு, கொடுமைக்காரக் கணவரிடமிருந்து விலகி வாழும் பெண்ணுக்கு, அந்தக் கணக்கு வேறு. அவரவர் பயம் எது என்று தெரிந்துதான் பூட்டைத் தேர்ந்தெடுக்க முடியும். எல்லோருக்கும் சேர்த்து ஒரே முடிவை ஒரு டிக் கட்டத்துக்குள் வைத்துவிடும்போது, யாரோ ஒருவருக்கு அது தவறாகத்தான் போகும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு, 1979இலிருந்தே உண்டு. ஆதி ஷமீர் 'ரகசியத்தைப் பகிர்வது எப்படி' என்று ஒரு சிறிய ஆய்வுக்கட்டுரை எழுதினார். அது ஒரு புதிரைச் சொல்லித் தொடங்குகிறது. பதினொரு விஞ்ஞானிகள் தங்கள் ஆவணங்களை ஓர் அலமாரியில் பூட்ட விரும்புகிறார்கள். அவர்களில் எந்த ஆறு பேர் சேர்ந்தாலும் திறக்க வேண்டும், ஐந்து பேருக்குத் திறக்கக் கூடாது. சாதாரணப் பூட்டுகளால் செய்தால் 462 பூட்டுகள் வேண்டும், ஒவ்வொருவரும் 252 சாவிகள் சுமக்க வேண்டும். ஷமீரின் முறையில் ஆளுக்கு ஓர் எண் போதும். உங்கள் சாவியை ஐந்து துண்டாக்கி, மனைவி, தங்கை, பள்ளி நண்பன், வக்கீல், அலுவலகத் தோழி என்று ஐந்து பேரிடம் கொடுக்கலாம். எந்த மூன்று பேர் சேர்ந்தாலும் திறக்கும். இரண்டு பேருக்கு எதுவுமே தெரியாது.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது அதன் கணிதம் மட்டும் அல்ல. மூன்று பேர் சேர வேண்டும் என்றால் பேசியாக வேண்டும். ஏன் திறக்கிறோம் என்று ஒருவர் மற்றவரிடம் சொல்லியாக வேண்டும். ஒருவர் மறுக்கலாம். அவர்களில் ஒருவர் ப்ரோட் போலவும் இன்னொருவர் ப்ரோட்டுக்கு எதிராகவும் வாதிடலாம். துளையிடும் இயந்திரத்தின் சத்தம் வேறு வடிவில் திரும்பி வருகிறது.

சுயமாக, யாரையும் நம்பாமல், முழுப் பாதுகாப்பாக இருக்க முடியும் என்பதுதான் இந்தப் பூட்டுகள் நம்மிடம் சொல்லாமல் சொல்லும் வாக்குறுதி. அது உண்மையும்கூட, ஒரு நிபந்தனையோடு: நாளைய நானும் இன்றைய நானும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். அதே வட்டு, அதே எண், அதே ஞாபகம், அதே உடல்நலம். மனிதருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. நாம் மறப்போம், நோயில் விழுவோம், கணினியைக் கடையில் கொடுப்போம். நாளைய நான் என்பவர் இன்றைய எனக்கு நெருங்கிய உறவினர்தான், ஆனால் வேறு ஆள். அவரை உள்ளே விடுவதற்கு யாராவது சாட்சி சொல்ல வேண்டும். 'இவர்தான் அவர்' என்று சொல்ல இன்னொரு மனிதர் வேண்டும்.

ஆகவே பூட்டு இரக்கம் காட்ட வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில்: பூட்டால் முடியாது, அதைப் பூட்டிடம் கேட்பதும் நியாயம் இல்லை. இரக்கம் காட்ட வேண்டியவர்கள் மனிதர்கள், அதுவும் பூட்டுவதற்கு முன்பே. இன்னொருவர் கணினியில் அந்தக் கட்டத்தில் டிக் அடித்துக் கொடுப்பவர், அது கதவா சுவரா என்பதைச் சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். நமக்கு நாமே பூட்டிக்கொள்ளும்போது, சாவியின் நகலை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்க வேண்டும். அப்படி ஒரு பெயரும் மனதில் வரவில்லை என்றால், நாம் கவலைப்பட வேண்டியது ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி அல்ல.